யாருடைய திறவுகோல்?

நாடகம் என்றால் அதற்கு ஓர் ஆசிரியன் உண்டு, மேடை உண்டு, முடிவில் திரையும் விழும். ஆசிரியன் பெயரும் இல்லாமல், திரையும் விழாமல், இரவு தவறாமல், ஒரே மேடையில் ஒரே உரையாடலோடு நடிக்கப்பட்டுவரும் நாடகம் ஒன்று உண்டு. இலண்டன் மாநகரில், தேம்சு ஆற்றங்கரையில் நிற்கும் பழங்கோட்டையிலே நடைபெறும் 'திறவுகோல் சடங்கு' தான் அது. அந்நாடகத்தையும், அதில் வேடம் தாங்கும் காவலரையும் நாம் இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். மன்னர்களின் வரலாற்றைப் படித்து மயங்கியது போதும். மன்னர்களின் வாயில்காத்தோர் வரலாற்றையும் சற்றே படிப்போம். அரியணை மறைப்பதை வாயிற்படி சொல்லிவிடும்!

காட்சி இதுதான். இரவு மணி 9.53. செந்நிற மேலங்கி அணிந்த தலைமைக் காவலர், ஒரு கையில் மெழுகுவத்தி விளக்கும் மறு கையில் திறவுகோற் கொத்துமாக நடந்து வருகிறார். படைவீரர் சிலர் துணை வருகின்றனர். வாயில்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. திரும்பும் வழியில், குருதிக் கோபுரம் எனப் பெயர் பெற்ற கட்டடத்தின் வளைவருகே, துப்பாக்கி ஏந்திய காவல்வீரன் வழிமறிக்கிறான்.

"நில்! வருவது யார்?"

"திறவுகோல்."

"யாருடைய திறவுகோல்?"

"மன்னர் சார்லசின் திறவுகோல்."

"அப்படியாயின் செல்லலாம், எல்லாம் நலமே!"

பிறகு தலைமைக் காவலர் தொப்பியை உயர்த்தி, மன்னரைக் கடவுள் காப்பாராக என்கிறார். வீரர்கள் 'ஆமென்' என்கின்றனர். மணி பத்து அடிக்கிறது. ஊதுகொம்பு ஒலிக்கிறது. நாடகம் முடிகிறது. மறுநாள் இரவு மீண்டும் அதே கேள்வி, அதே பதில்!

எழுநூறு ஆண்டுப் பழமை இதற்கு உண்டென்று பெருமையுடன் கூறுகின்றனர். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த இரவிலே சற்றுத் தாமதம் நேர்ந்ததாம். அதற்காக மன்னருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்களாம்! ஊர் பற்றி எரிகிறது, உயிர்கள் மடிகின்றன, அந்நேரத்திலும் பூட்டுவதில் நேர்ந்த தாமதத்திற்கு மன்னிப்பு! 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் எலிசபெத் அரசியார் மறைந்தார். அதுவரை 'அரசியாரின் திறவுகோல்' என்றிருந்த விடை, 'மன்னரின் திறவுகோல்' ஆயிற்று. பெயர் மாறிற்று, பாத்திரம் மாறவில்லை, பாடம் மாறவில்லை.

நாம் கேட்கிறோம்: விடை தெரிந்த கேள்வி கேள்வியாகுமா? வருபவர் யாரென்பது மறிப்பவனுக்குத் தெரியும். மறிப்பான் என்பது வருபவருக்கும் தெரியும். வேறு விடை சொல்ல இருவருக்கும் உரிமை இல்லை. கேள்வியின் உடையை அணிந்துகொண்டு கேள்வியைக் கொல்லும் கலைக்குத்தான் சடங்கு என்று பெயர்! ஆனாலும் அந்த வீரன் வாயிலிருந்து வெளிவரும் வினா இருக்கிறதே, அது பொன்னான வினா. 'யாருடைய திறவுகோல்?' அதிகாரத்தைப் பார்த்து மாந்தன் கேட்கவேண்டிய முதல் வினாவே அதுதான். சடங்கு அதற்கு ஒரே விடையைக் கற்பித்திருக்கிறது. வரலாறோ வேறு பல விடைகளை வைத்திருக்கிறது. அவற்றைத் தேடுவோம்.

கோபுரமன்று, கோட்டை

'இலண்டன் கோபுரம்' என்பது அதன் பெயர். கோபுரம் என்றதும் நம் கண்முன் கோயில் தோன்றும். கைகள் தாமாகக் குவியும். அவசரம் வேண்டாம்! அங்கே குவிந்தவை கைகளல்ல, தலைகள்.

1066ஆம் ஆண்டு நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியம், அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே வெள்ளைக் கோபுரத்தைக் கட்டத் தொடங்கினான். கடலுக்கு அப்பாலிருந்து வரும் பகைவனுக்கு அஞ்சி மட்டும் கட்டியதன்று அது. இலண்டன் மக்களே எழுந்துவிடுவரோ என்று அஞ்சிக் கட்டியது. வந்தேறிய ஆளும் கூட்டம், உள்ளூர் மக்களின் நெஞ்சில் அச்சத்தை நிலைநிறுத்த எழுப்பிய கல்மலை! இன்று ஆங்கிலேயன் தன் மூதாதையர் பெருமை என்று அதனைக் காட்டுகிறான். அவன் மூதாதையரை மிரட்டக் கட்டிய கட்டடம் அது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? அடிமைச் சின்னம் நெடுநாள் கண்ணெதிரே நின்றுவிட்டால் அதுவே பெருமைச் சின்னமாகிவிடுகிறது. எந்நாட்டிற்கும் பொருந்தும் உண்மை இது.

1381ஆம் ஆண்டு ஒருநாள் இந்தக் கோட்டையின் கதவு மக்களுக்குத் திறந்தது. தலைவரிக் கொடுமை தாளாது வெகுண்டெழுந்த உழவர் கூட்டம் சூன் 14ஆம் நாள் உள்ளே புகுந்தது. வரி விதித்த ஆட்சியின் தலைமை அமைச்சரும் தலைமைக் குருவுமாக இருந்த சட்பரியையும், கருவூலத் தலைவரையும் வெளியே இழுத்துச் சென்று கொன்றது. கொலையை நாம் போற்றவில்லை. ஆயின் ஒன்றைக் குறித்துக்கொள்கிறோம். காவலிருந்த படைவீரர் எதிர்த்து நிற்கவில்லை. எத்தனை பூட்டு இருந்தென்ன, காப்பவனின் உள்ளம் பூட்டப்படாவிட்டால்? அந்தப் பாடத்தை அரசர்கள் மறக்கவில்லை. பின்னாளில் காவலனின் உடலுக்குப் பொன்னிழையும், உள்ளத்திற்குப் பெருமையும் தைத்துக் கொடுத்ததன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

காவலர் பிறந்த கதை

1485ஆம் ஆண்டு பாஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்தி முடி சூடியவன் ஏழாம் ஹென்றி. வாளால் வந்த அரசு வாளாலேயே போகக்கூடும் அல்லவா? உடனே தன் மெய்காப்புக்கென்று ஒரு படையை அமைத்தான். அவர்களே 'யோமன்' காவலர். யோமன் என்றால் பிரபுவுமல்லன், பண்ணையாளுமல்லன்; சொந்த நிலத்தில் உழுது வாழ்ந்த நடுத்தரக் குடியானவன். பிரபுக்களை நம்பாத மன்னன் குடியானவனை நம்பினான். குடியானவனின் தோள்வலியைக் கொண்டே குடிகளிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொண்டான்!

அவன் மகன் எட்டாம் ஹென்றி, கோட்டையில் வாழ்வதைவிட வேறு அரண்மனைகளில் வாழ்வதை விரும்பினான். 1509ஆம் ஆண்டு தொடங்கி ஒரு சிறு பிரிவைக் கோட்டைக் காவலுக்கென விட்டு வைத்தான். மன்னன் போன பிறகும் மன்னன் இருப்பதாகக் காட்ட வேண்டுமே! கோட்டைக்காவலர் அங்ஙனம் பிறந்தனர். அந்த நூற்றாண்டின் நடுவில், மெய்காப்பாளர் அணியும் செவ்வுடையைத் தாமும் அணியும் உரிமை இவர்களுக்குக் கிடைத்தது. நாள்தோறும் அணியும் கருநீலச் சீருடையோ விக்டோரியா அரசியின் காலத்தில், 1858இல் வந்தது. ஆகவே, 'பண்டைக்கால உடை' என்று சுற்றுலாப் பயணி வியந்து படம் பிடிக்கும் அந்தக் கருநீல உடுப்பு, இந்தியாவில் கும்பெனி ஆட்சி போய் முடியரசின் ஆட்சி வந்த அதே ஆண்டுக்குரியது! பழமை என்று சொல்லப்படுவதையெல்லாம் எத்தனை பழமை என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இவர்களுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் 'பீஃப்ஈட்டர்', அதாவது மாட்டிறைச்சி உண்போர். 1669இல் இலண்டனுக்கு வந்த தசுக்கனி நாட்டுக் கோமகன் மூன்றாம் காசிமோ, அரண்மனையில் நாள்தோறும் மிகுதியான மாட்டிறைச்சி வழங்கப்படுவதால் இப்பெயர் வந்ததென்று குறித்திருக்கிறார். பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்ததென்று சிலர் நாகரிக வேர் தேடிப் பார்த்தனர். அறிஞர்கள் அதனை ஏற்கவில்லை. வயிற்றிலிருந்து பிறந்த பெயருக்கு இலக்கணத்திலே பூணூல் மாட்டப் பார்த்தனர், பலிக்கவில்லை! இங்கே ஒருவன் உண்ணும் உணவைச் சொல்லி அவனை ஊருக்கு வெளியே நிறுத்தினர். அங்கே அதே உணவைச் சொல்லும் பெயருடன் ஒருவன் அரசனின் வாயிலில் நிற்கிறான். உணவில் இழிவுமில்லை, உயர்வுமில்லை. இழிவும் உயர்வும் சொல்பவன் மனத்தில் இருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

விலைக்கு வந்த விசுவாசம்

காவலர் பதவி வீரத்திற்குக் கிடைத்த பரிசு என்று நாம் எண்ணுவோம். நெடுங்காலம் அது பணத்திற்குக் கிடைத்த சரக்கு! பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, இப்பதவி 250 கினிப் பணத்திற்கு விற்கப்பட்டது. பதவியை விட்டு உயிருடன் விலகுபவன் அடுத்தவனுக்கு விற்றுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். பதவியிலேயே இறந்துவிட்டாலோ, பணம் குடும்பத்திற்குக் கிடையாது; கோட்டைத் தலைவர் மீண்டும் விற்றுக்கொள்வார். புதிதாகச் சேரும் காவலனைப் பார்த்து, "நீ காவலனாகவே சாகாதிருப்பாயாக!" என்று மற்றவர் மதுக்கிண்ணம் உயர்த்தி வாழ்த்தும் வழக்கம் இதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்றும் அந்த வாழ்த்து ஒலிக்கிறது. கேட்போர் சிரிக்கின்றனர். அது நகைச்சுவையன்று, கைம்பெண்ணின் கணக்கு!

1826இல் கோட்டைத் தலைவராக வந்த வெலிங்டன் பிரபு இந்த வாணிபத்தை நிறுத்தினார். நற்பணி ஆற்றிய படைவீரர்க்கே இப்பதவி என்று விதித்தார். திறவுகோல் சடங்கை இரவு பத்து மணிக்கென்று வரையறுத்தவரும் அவரே. ஆகப் பழமையின் பெயரால் போற்றப்படும் இந்தக் காவலர் அமைப்பில் போற்றத்தக்கது எதுவோ, அது சீர்திருத்தத்தால் வந்தது. பழமை தந்தது விலைப்பட்டியல்; மாற்றம் தந்தது தகுதி. சீர்திருத்தம் என்றாலே மரபு அழிந்துவிடும் என்று அலறுவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

பொன்னாடைக்குப் பின்னால்

பொன்னாடையும் வெள்ளைக் கழுத்து மடிப்பும் கண்ணைப் பறிக்கலாம். காவலரின் பழந்தொழில் என்ன? சிறை காத்தல்! மன்னனுக்குப் பிடிக்காதவரையும், மதத்திற்குப் பிடிக்காதவரையும் உள்ளே வைத்துப் பூட்டியவர் அவர்கள். வசதி படைத்த கைதி பணம் கொடுத்து நல்லுணவும் நல்லறையும் பெற்றான். சிறைக்குள்ளும் செல்வன் செல்வனே.

சாவிலும் சாதி பார்த்தனர்! கோட்டைக்குள்ளே உள்ள பசும்புல் வெளியில் தலை வெட்டப்பட்டவர் மிகச் சிலர். 1536இல் ஆன் போலின் அரசி, 1542இல் காதரின் ஹோவர்டு அரசி, 1554இல் பதினேழு வயதளவே ஆன சேன் கிரே போன்றோர். பலர் பார்க்கச் சாகும் அவமானம் நேராதிருக்க இவர்களுக்குச் செய்த 'சலுகை' இது. அடுத்த படியில் உள்ளவர்க்குக் கோட்டைக்கு வெளியே உள்ள குன்று. ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்கும் நடுவே கோடரி. ஏழைக் குற்றவாளிக்கோ ஊர்ப்புறத்துத் தைபர்ன் தூக்குமரம். கோடரிகூட இல்லை, கயிறுதான். மண்ணுக்குள் போகும்வரை மேல்கீழ் பார்த்த மாண்பு! வருணப் பாகுபாடு நம் நாட்டில் வேதத்தின் பெயரால் நின்றது. அங்கே பிறப்பின் பெருமையால் நின்றது. வெட்டிய கோடரிக்கு மட்டும் வேறுபாடு தெரியவில்லை.

இன்னொரு பெயரை நம் இளைஞர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆன் ஆஸ்க்யூ. அரசியுமல்லள், அரசகுமாரியுமல்லள். இருபத்தைந்து வயதளவான பெண். பூசையில் படைக்கும் அப்பம் உண்மையில் இறைவன் உடலாகிவிடுகிறது என்பதை நான் ஏற்கமாட்டேன் என்றாள். அவ்வளவுதான் குற்றம். 1546இல் இக்கோட்டையில் அவளை இழுவைப் பொறியிலே கிடத்தி, மூட்டுகள் நழுவும்வரை இழுத்தனர். உடன்பட்டோர் பெயரைச் சொல்லச் சொன்னார்கள், சொல்லவில்லை. கோட்டையின் காவல் அதிகாரி ஒரு கட்டத்தில் 'இதற்குமேல் என்னால் ஆகாது' என்று மறுத்துவிட்டார். மன்னனின் அமைச்சர்களான ரைத்தசிலியும் ரிச்சும் தாங்களே மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினர்! நடக்க முடியாத அவளை நாற்காலியில் தூக்கிச் சென்று எரித்துக் கொன்றனர்.

அந்தக் காட்சியை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கொடுமை செய்யக் கூலிபெற்றவன் கூசினான்; கொடுமை செய்யக் கட்டளையிட்டவன் கூசவில்லை. காவலன் மறுத்த அந்த ஒரு நொடி, ஐந்நூறு ஆண்டுக் காலச் சீருடை அணிவகுப்பைக் காட்டிலும் உயர்ந்தது என்போம் நாம்.

விசுவாசத்திற்குக் கிடைத்த பரிசையும் பார்ப்போம். 1671இல் தாமஸ் பிளட் என்பவன் பாதிரி வேடமிட்டு வந்து, மணிமுடியைத் திருட முயன்றான். முடிகளைக் காத்திருந்த எட்வர்ட்ஸ் என்னும் முதியவர் எதிர்த்தார், அடித்துக் குத்தினர், குருதி வழியக் கிடந்தார். திருடன் பிடிபட்டான். மன்னன் இரண்டாம் சார்லஸ் என்ன செய்தான்? திருடனை நேரில் அழைத்துப் பேசினான்; மன்னித்தான்; அயர்லாந்தில் நிலமும் வழங்கினான்! காத்தவன் உடலில் காயம். கவர்ந்தவன் கையில் காணி. அரச நீதி இதுதான் என்று நாம் சொன்னால் கடுமை என்பர்; அவர்கள் வரலாறே அவ்வாறு சொல்லும்போது என்ன செய்வது?

அண்டங்காக்கை காக்கும் அரசு

கோட்டையில் காவலர் மட்டுமா காவல்? ஆறு அண்டங்காக்கைகளும் காவல்! அவை பறந்து போய்விட்டால் கோட்டை இடியுமாம், முடியரசு வீழுமாம். இரண்டாம் சார்லஸ் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை என்று கதை சொல்கின்றனர். ஆய்வாளர் ஏடுகளைப் புரட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னே அங்குக் காக்கை வளர்த்ததற்கே சான்று அகப்படவில்லை. காக்கை பறந்தால் நாடு போகும் என்று நம்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இறகைக் கத்தரித்து விடுகிறார்கள்! காவலருள் ஒருவருக்குக் காக்கை வளர்ப்பதே பணி. விதியை நம்பு, ஆனால் விதியின் சிறகை முன்கூட்டியே வெட்டிவிடு! மூடநம்பிக்கையின் மேல் மூடநம்பிக்கையாளனுக்கே எத்தனை அவநம்பிக்கை!

இதனைக் கண்டு நகைத்தவர் ஒருவர் ஆசியாவிலிருந்து சென்றார். சப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெக்கி 1900இல் இலண்டன் சென்று, இக்கோட்டையைப் பார்த்து, 1905இல் 'இலண்டன் கோபுரம்' என்னும் படைப்பை வெளியிட்டார். அதில் கதைசொல்பவன் இருண்ட கற்களுக்கிடையே நடந்து, இறந்த இளவரசரையும் அரசியரையும் மனக்கண்ணில் கண்டு நடுங்குகிறான். காக்கை ஐந்து என்று ஒரு பெண் சொல்வது அவனுக்குப் பெரும் மாயமாகத் தோன்றுகிறது. வீடு திரும்பி, தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் வியந்து சொல்கிறான். அவரோ, அவை அங்கே வளர்க்கும் காக்கைகள். ஒன்று குறைந்தால் உடனே வேறொன்றைச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே எப்போதும் ஐந்துதான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார். மாயம் கலைந்தது!

இந்தப் படைப்பின் சிறப்பு எங்கே இருக்கிறது? கற்பனையின் கவர்ச்சியை மறைக்காமல் காட்டி, பிறகு ஓர் எளிய மனிதரின் இரண்டொரு சொற்களால் அதனைத் தகர்த்ததில் இருக்கிறது. மயக்கத்தை உணராதவன் மயக்கத்தைத் தெளிவிக்க முடியாது. பகுத்தறிவு பேசும் நம் எழுத்தாளர் சிலர், எதிரியின் நம்பிக்கையை ஏளனம் செய்தால் போதும் என்று கருதுகின்றனர். அந்நம்பிக்கை ஏன் இனிக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். அப்போதுதான் அடி ஆழமாக விழும். அன்று ஐந்து என்று எழுதப்பட்ட காக்கை இன்று ஆறு என்று எண்ணப்படுகிறதே, 'மாறாத மரபு' எப்படி மாறிற்று என்பதையும் வாசகர் எண்ணி மகிழலாம்.

உடையா, உடலா?

கில்பர்ட்டும் சல்லிவனும் இயற்றிய இசைநாடகம் 1888இல் அரங்கேறிற்று. களம் இதே கோட்டை. கதை மாந்தர் கோட்டைக்காவலர்; ஆனால் நாடகத்தின் பெயரிலோ மெய்காப்பாளர் படையின் பெயர்! ஆசிரியர்க்கே இரு படைகளின் பெயர் வேறுபாடு பெரிதாகப் படவில்லை; சிவப்பு உடை போதுமானதாக இருந்தது.

கதையைப் பாருங்கள். ஃபேர்பாக்ஸ் என்பவன் பொருள்களின் இயல்பை ஆராய்பவன். அவன் சொத்தை விரும்பிய உறவினன், சூனியக்காரன் என்று குற்றஞ்சாட்டிக் கோட்டையில் அடைக்கச் செய்கிறான். ஒரு பெண் சிறைக்காவலனிடமிருந்து திறவுகோலைத் தந்திரமாக எடுக்கிறாள். ஃபேர்பாக்ஸ் காவலன் உடையை அணிந்து, அக்காவலருள்ளேயே ஒருவனாக நிற்கிறான்! ஊரெல்லாம் தேடுகின்றனர், தேடும் கூட்டத்திலேயே தேடப்படுபவன் நிற்கிறான்! முகத்தை யாரும் பார்க்கவில்லை. உடையைத்தான் பார்த்தனர்.

வெறுங் கற்பனை என்று தள்ள வேண்டாம். 1716இல், மறுநாள் தலை வெட்டப்பட இருந்த நித்ஸ்டேல் பிரபுவுக்கு அவர் மனைவி பெண்ணுடை அணிவித்து, காவலர் கண்ணெதிரிலேயே வெளியே அழைத்துச் சென்றுவிட்டாள். ஒரு பாவாடைக்குத் தோற்றது ஒரு பேரரசின் கோட்டை! உடையைப் பார்த்து வணங்கப் பழகிய கண், உடையைப் பார்த்தே ஏமாறும்.

ஆயினும் அந்த இசைநாடகத்தில் நமக்கொரு குறை உண்டு. சொத்துள்ள ஃபேர்பாக்ஸ் விடுதலையும் பெற்று, மணந்த பெண்ணையும் அடைகிறான். அவளை உயிராக நேசித்த ஏழை விகடகவி சாக் பாயின்ட், கூட்டம் மகிழ்ந்து பாடும்போதே அவர்கள் காலடியில் சுருண்டு விழுகிறான். ஆசிரியர் அவனுக்குக் கண்ணீரைத் தந்தார், கேள்வியைத் தரவில்லை. விழுந்தவன் எழுந்து 'ஏன்?' என்று கேட்டிருந்தால், நாடகம் வேடிக்கையிலிருந்து இலக்கியத்திற்கு உயர்ந்திருக்கும்.

உள்ளே இருப்பவன் தொழிலாளி

சீருடைக்குள் இன்று யார் இருக்கிறார்? முப்பதுக்கும் மேற்பட்டோர் இப்பணியில் உள்ளனர். படையில் குறைந்தது 22 ஆண்டு பணியாற்றி, நன்னடத்தைப் பதக்கம் பெற்றவராக இருத்தல் வேண்டும். குடும்பத்தோடு கோட்டைக்குள்ளேயே வாழ்கின்றனர். பார்வையாளரை அழைத்துச் சென்று கதை சொல்கின்றனர். 2019இல் வந்த பார்வையாளர் ஏறத்தாழ 30 இலட்சம். ஊதியம் தருவது மன்னனின் கருவூலமன்று. அரண்மனைகளைப் பேணும் தனி அறநிறுவனம். வருமானத்தின் பெரும்பகுதி நுழைவுச்சீட்டிலிருந்து வருகிறது. மன்னனின் காவலர் என்ற பெயர். மக்களின் காசில் வாழ்க்கை!

2007ஆம் ஆண்டுவரை ஒரு பெண்கூட இவ்வாயிலில் காவலராக நின்றதில்லை. அந்த ஆண்டு மொய்ரா கேமரன் என்னும் படைவீராங்கனை முதன்முதலாக இவ்வுடை அணிந்தார். நூற்றாண்டுகளாக அரசியர் ஆண்ட நாடு. முடியைப் பெண் தலையில் வைக்கலாம், காவலன் தொப்பியை வைக்கக்கூடாது என்றிருந்த நாடு! அவரை உடன் பணியாற்றிய ஆண்கள் சிலர் துன்புறுத்தினர் என்ற புகார் 2009இல் எழுந்து, விசாரணை நடந்து, பணிநீக்கமும் நிகழ்ந்தது. வானம் இடிந்து விழவில்லை. காக்கையும் பறந்து போகவில்லை. அவருக்குப் பின் வேறு பெண்களும் அவ்வுடை அணிந்து நிற்கின்றனர்.

2018 டிசம்பர் 21. அன்று காவலர் வாயிலை விட்டு வெளியே வந்தனர். மன்னனை எதிர்த்தன்று, ஓய்வூதியத்தைக் குறைக்கும் திட்டத்தை எதிர்த்து! தொழிற்சங்கத்தின் அழைப்பை ஏற்று மூன்று மணி நேரம் வேலைநிறுத்தம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடவாதது நடந்தது. பொன்னிழையில் மன்னன் பெயரெழுத்தைத் தாங்கிய மார்பு, முதுமைச் சோற்றுக்காகக் குரல் கொடுத்தது. 2020இல் கொள்ளைநோய் வந்து கோட்டை வெறிச்சோடியபோது, விருப்ப ஓய்வில் செல்லலாம் என்று காவலருக்குச் சொல்லப்பட்டது. கட்டாய ஆட்குறைப்பும் வரலாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வந்தது. ஐந்நூறு ஆண்டு மரபு என்று விளம்பரத்தாளில் அச்சிடத் தெரிந்தது. வரவு குறைந்தவுடன் மரபும் செலவுக் கணக்கில் ஏறிற்று!

இங்கேதான் நம் திறனாய்வு கூர்மை பெறவேண்டும். மரபைக் கண்டிக்கிறோம் என்று சொல்லி, அம்மரபின் உடுப்பைச் சுமக்கும் தொழிலாளியை நாம் ஏளனம் செய்தல் ஆகாது. வேடம் வேறு, வேடம் தாங்கும் உடல் வேறு. பட்டுக்குடை பிடிப்பவனைப் பழித்துவிட்டுக் குடைக்குள் நடப்பவனை விட்டுவிடுவது பகுத்தறிவாகாது. காவலர் வேலைநிறுத்தம் செய்த அந்த மூன்று மணி நேரம், உடையை வென்று உடல் பேசிய நேரம். சடங்கின் ஏட்டில் இல்லாத உரையாடலை அவர்கள் பேசிய நேரம்!

விடை

கோட்டைக்குள்ளே மணிமுடிகள் இருக்கின்றன. 'பன்னெடுங்காலப் பழமை' என்று அவற்றைப் பார்ப்போர் வியக்கின்றனர். முதலாம் சார்லசை மக்கள் மன்றம் 1649இல் தண்டித்துத் தலை கொய்தபோது, முடியையும் உருக்கிவிட்டது. இன்று முடிசூட்டுக்குப் பயன்படுவது 1661இல் புதிதாகச் செய்தது. கடவுள் தந்த முடி என்றார்கள். தட்டானே இருமுறை தரவேண்டியதாயிற்று!

அங்கேதான் கோகினூர் வைரமும் இருக்கிறது. 1849இல் பஞ்சாபை விழுங்கியபோது, பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடம் ஒப்பந்தம் என்ற பெயரால் பறித்தது. 1937இல் செய்த அரசியின் முடியில் அதனைப் பதித்தனர். 2023இல் நடந்த முடிசூட்டு விழாவில் அந்த வைரத்தை அணியத் துணியவில்லை. அதே ஆண்டு கோட்டையின் காட்சியறை, அதனை 'வெற்றிகொள்ளலின் சின்னம்' என்று அறிவித்தது. திறவுகோல் யாருடையது என்று நாள்தோறும் கேட்பவர்கள், பூட்டிய பெட்டிக்குள் இருப்பது யாருடையது என்று கேட்க இத்தனை காலமாயிற்று!

இப்போது வினாவுக்கு வருவோம். யாருடைய திறவுகோல்? வில்லியம் கட்டியபோது அது வென்றவனுடையது. 1381இல் ஒருநாள் உழவனுடையது. முடி உருகிய ஆண்டுகளில் மக்கள் மன்றத்தினுடையது. பதவி விற்ற காலத்தில் 250 கினி வைத்திருந்தவனுடையது. இன்றோ நுழைவுச்சீட்டு வாங்கும் பொதுமக்களால் துலங்கி, நாள்தோறும் அதனைச் சுமக்கும் தொழிலாளியின் கையால் திரும்புகிறது. மன்னன் பெயர் அதில் ஒட்டியிருக்கும் பழந்துரு!

இளைஞர்களே! கோட்டையை இடிக்கச் சொல்லவில்லை நாம். இடித்தால் ஆன் ஆஸ்க்யூ கிடந்த இடத்தைக் காட்ட முடியாமற் போகும். கோட்டை இருக்கட்டும், கதை திருந்தட்டும். எங்கே விளக்கும் கொம்பும் ஒலியும் ஒளியுமாகச் சடங்கு நடந்தாலும், கைதட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இதை எழுதியவன் யார்? நடிப்பவன் யார்? செலவு யாருடையது? பயன் யாருக்கு? அந்த நான்கிற்கும் உண்மை விடை கிடைக்கும்வரை, 'எல்லாம் நலமே' என்று எவர் சொன்னாலும் வழிவிடாதீர்கள்!